பீரங்கி கிடைத்தால் லீவு

ஓமான் நாட்டுச் சலாலாவில் நான் வேலை பார்த்த தோட்டத்துக்குப் பின்னால் ஒரு பழைய வயல் இருந்தது. கிணற்றில் உப்பு ஏறிவிட்டதால் அதில் பயிர் வைப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஆடு நுழையாமல் இருக்கச் சுற்றிலும் கம்பி வலை அடித்திருந்தது. உள்ளே போக ஒரே ஒரு கதவு. அந்தக் கதவை ஒட்டி, தகரக் கூரை போட்ட என் அறை. தென்னைக்கும் வாழைக்கும் தண்ணீர் பாய்ச்சத்தான் என்னை அங்கே எடுத்திருந்தார்கள். ஆனால் அந்த வருஷம் நான் பார்த்த வேலை வேறு. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நீளக் கைப்பிடியின் நுனியில் தட்டு வைத்த ஒரு மெஷினைத் தரையை ஒட்டி இப்படியும் அப்படியும் ஆட்டியபடி வயல் முழுக்க நடக்க வேண்டும். மண்ணுக்குள் இரும்போ பித்தளையோ கிடந்தால் அது கத்தும். கத்துகிற இடத்தில் தோண்ட வேண்டும்.

எங்கள் முதலாளியை அர்பாப் என்று கூப்பிடுவோம். அங்கே எல்லா முதலாளிக்கும் அதுதான் பெயர். வயதானவர், வெள்ளைத் தாடி, சத்தம் போட்டுப் பேசாதவர். அவர் வீட்டில் ஒரு பெரிய அறை முழுக்கப் பழைய சாமான்களாக வைத்திருந்தார். திரி வைத்துச் சுடுகிற நீளத் துப்பாக்கிகள், வளைந்த கத்திகள், வெடிமருந்து போட்டுவைக்கும் மாட்டுக்கொம்புகள் எல்லாம் சுவரில் தொங்கும். வருகிறவர்களுக்கு அதைக் காட்டிக் காப்பி கொடுப்பதுதான் அவருக்குச் சந்தோஷம். ஒரு குறை மட்டும் அவரை அரித்துக்கொண்டிருந்தது. அவருடைய சிற்றப்பா மகன் வீட்டு வாசலில் ஒரு பழைய பீரங்கி நின்றது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து குடும்பமே அங்கே சாப்பிடப் போகும். பேரப்பிள்ளைகள் அந்தப் பீரங்கிமேல் ஏறி உட்கார்ந்து இறங்க மாட்டோம் என்று அடம்பிடிக்கும். அன்றைக்கு வீடு திரும்பினால் அர்பாப் யாரிடமும் பேச மாட்டார்.

அவருடைய பாட்டனார் காலத்தில் அந்த வயலில் சிப்பாய்கள் கூடாரம் அடித்துத் தங்கியிருந்தார்களாம். ஒரு மழைக்காலத்தில், கிளம்பிக் கப்பலுக்கு வாருங்கள் என்று உத்தரவு வந்ததாம். சேற்றில் பீரங்கியை இழுக்க முடியாமல், வேறு எவன் கையிலும் கிடைக்கக்கூடாது என்று அங்கேயே குழி வெட்டிப் புதைத்துவிட்டுப் போனார்களாம். அர்பாப்பின் தகப்பனார் சொன்ன கதை இது. எந்த மூலை என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

நான் ஊருக்கு லீவில் போய்த் திரும்பி வந்த சமயம், அர்பாப்பின் மகன் வெளிநாட்டிலிருந்து அந்த மெஷினை வாங்கி வந்திருந்தான். முதலில் அதைப் பிடித்து நடந்தது ஒரு வங்காளதேசத்துக்காரர். அவருக்கு ஆணியும் மீன் டப்பாவும் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு நாள் அவர் மெஷினைப் பிடிக்க, தோண்டுவதற்கு என்னைக் கூப்பிட்டார்கள். கடப்பாறையைப் போடுவதற்கு முன் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எங்கள் பக்கம் யாரும் அதைச் செய்யாமல் மண்ணைக் கொத்த மாட்டார்கள். கை தானாகப் போனது.

“யாருக்குக் கும்பிடு போடுறே?” என்று அர்பாப் ஹிந்தியில் கேட்டார்.

“மண்ணுக்கு.”

“மண்ணுக்கா?” அவர் முகம் சுருங்கியது. “பிஸ்மில்லா சொல்லு.”

பிஸ்மில்லா என்று சொல்லிவிட்டுக் கடப்பாறையைப் போட்டேன். முழங்கை ஆழம்கூடப் போகவில்லை. இடுப்புப் பட்டையில் மாட்டும் பித்தளைத் தகடு ஒன்று வந்தது. பச்சை பிடித்துக் கிடந்தது. இரண்டு வாள் குறுக்கே வைத்த மாதிரி அதில் வேலைப்பாடு இருந்தது. அர்பாப் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அதைத் துடைத்தார். 

பக்கத்தில் நின்ற டிரைவர் நாகர்கோவில்காரர். என்னைவிடச் சின்னவர். வாய் சும்மா இருக்காது. “அர்பாப், இவன் கையிலே பரக்கத் இருக்கு” என்று ஹிந்தியில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினார். “சும்மா ஒரு பிட்டைப் போட்டேன்வே. பெருநாளைக்கு ஒமக்கு ஒரு சட்டையாவது கிடைக்கும்லா.”

சட்டை கிடைக்கவில்லை. மறுநாளிலிருந்து மெஷின் என் கைக்கு வந்தது. நாங்கள் கைராசி என்று சொல்வதைத்தான் அவர்கள் பரக்கத் என்கிறார்கள். டிரைவர் விளையாட்டுக்குச் சொன்னது அர்பாப் மனதில் கல்வெட்டாகிவிட்டது. தண்ணீர் பாய்ச்சும் வேலை வங்காளதேசத்துக்காரருக்குப் போனது. வேறு எங்காவது யாராவது தோண்டினால்கூட, முதல் மண்கட்டியை நான் எடுத்துப் போட வேண்டும் என்று நிற்பார். நான் பிஸ்மில்லாவும் சொல்வேன், அவர் பார்க்காதபோது மண்ணையும் தொட்டுக்கொள்வேன்.

பொருள்களும் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. ஈயக் குண்டுகள், பித்தளைப் பித்தான்கள், துப்பாக்கியில் மாட்டும் வளையம், குதிரைச் சேணத்தின் கொக்கி. ஈயக் குண்டு என்றால் காதில் சத்தம் தாழ்வாக, உருண்டையாக வரும். தகர டப்பா என்றால் கீச்சென்று உடையும். ஹெட்போனை மாட்டிவிட்டால் வேறெதுவும் கேட்காது. பின்னால் யார் வந்து நின்றாலும் தெரியாது. மதியம் கழற்றும்போது காது இரண்டும் வெந்து போயிருக்கும். ஒரு தடவை ஒரு பித்தானைக் கழுவிக்கொண்டிருந்தபோது, இதைச் சட்டையிலிருந்து பிய்த்து எறிந்துவிட்டு இந்த வயலை விட்டு ஓடிப்போன ஒருவன் இருந்திருப்பானா என்று தோன்றியது. ஓடினால் எங்கே ஓடியிருப்பான்? ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, மலைக்கு அந்தப் பக்கம் பாலை.

எனக்கு லேட்டாகத்தான் கல்யாணம் ஆனது. முதல் பிள்ளை பிறந்தபோது நான் ஓமானில் இருந்தேன். எங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் பிறந்து, அன்றைக்கே போய்விட்டது. தகவல் தெரிந்து நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, பால் கட்டியதற்குப் போட்ட மருந்து வாடை மட்டும் வீட்டில் இருந்தது. அதற்குப் பிறகு பல வருஷம் ஒன்றும் இல்லை. நாங்களும் அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

மெஷின் வந்த வருஷத்து லீவு முடிந்து வந்து சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, கடைத்தெருவில் போன் பேசும் கடையிலிருந்து மனைவியைக் கூப்பிட்டேன். அவள் தங்கையின் மொபைலில் பேசினாள்.

“மூணு மாசங்கிறாங்க” என்றாள்.

“யாரு?”

“டாக்டரம்மாதான். வேற யாரு சொல்லுவா.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “சிரிக்காதீங்க.”

“நான் எங்க சிரிச்சேன்?”

“ஊரு சிரிக்கும். அக்கா மகளுக்குப் போன மாசந்தான் வளைகாப்பு போட்டோம். இப்ப நான் வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கணும்.”

சந்தோஷத்தில் எனக்கு முகமெல்லாம் சிரிப்பு. கடைக்காரர் பார்க்கிறாரே என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. நரை முழுக்க வந்துவிட்டது.

அடுத்தடுத்துப் பேசும்போது அவளுடைய குரல் மாறிக்கொண்டே வந்தது. ரத்த அழுத்தம் இருக்கிறது, வீட்டில் பிரசவம் கூடவே கூடாது, வலி எடுத்ததும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு அந்த ஆஸ்பத்திரி என்றாலே உடம்பு விறைத்துப்போகும்.

“அந்தக் கம்பிக் கதவுக்குள்ள போனவ வெறுங்கையோட வந்தேன். வெளிய நம்ம ஆளுன்னு ஒருத்தர் நிக்கல” என்றாள். “இந்தத் தடவ நீங்க வந்து அந்தக் கதவுகிட்ட நின்னாத்தான் உள்ள போவேன். இல்லேன்னா வீட்லயே கெடக்கேன். ஆனது ஆகட்டும்.”

“அப்படியெல்லாம் பேசாத.”

“பேசல. செய்வேன்.”

அவள் செய்வாள் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் மாலை அர்பாப்பிடம் போனேன். காப்பி ஊற்றிக் கொடுத்தார். வழக்கம்போல “ஊரில் எல்லாரும் நலமா?” என்று கேட்டார். “நலம்” என்றேன். அங்கே ஒருவருடைய மனைவியைப் பற்றி இன்னொருவர் விசாரிப்பது மரியாதை இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிள்ளைகள் உண்டா என்று ஒரு தடவை கேட்டார். இல்லை என்றதும் “அல்லா தருவான்” என்றார். என் மனம் நோகும் என்று அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

“லீவு வேணும், அர்பாப்.”

“நீ போய்விட்டு வந்து அரை வருஷம்கூட ஆகவில்லையே. என்ன விஷயம்?”

சொல்வதற்கு ஹிந்தியில் ஒரு வாக்கியத்தை அறையிலேயே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். வாய் வரைக்கும் வந்தது. என் வயதில் மனைவி மாசமாக இருக்கிறாள் என்று அந்தப் பெரியவர் முன்னால் சொல்வது, நடுச்சபையில் வேட்டியை அவிழ்ப்பது போல இருந்தது. பக்கத்தில் அவருடைய மகன் வேறு உட்கார்ந்திருந்தான்.

“ஊரில் ஒரு வேலை இருக்கு” என்றேன்.

“என்ன வேலை?”

“வேலைதான்.”

அவர் சிரித்தார். “இங்கேயும் வேலை இருக்கே. உன் கை இல்லாமல் யார் செய்வது?” பிறகு என் தோளில் கை வைத்து, நல்ல மனதோடுதான் சொன்னார். “பீரங்கி கிடைக்கட்டும். மறுநாளே பாஸ்போர்ட் உன் கையில். டிக்கெட்டும் நான் எடுத்துத் தருகிறேன். கலாஸ், பேச்சு முடிந்தது.”

பாஸ்போர்ட் அவர் வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்தது. எல்லாருடையதும் அங்கேதான் இருக்கும்.  மண்ணுக்குள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒன்றின்மேல் என் லீவைக் கட்டி வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து நான் தேடிய தேடல் வேறு மாதிரி. சாயங்காலம் போதும் என்று அர்பாப் நிறுத்தச் சொன்ன பிறகும் தேடினேன். வயலை மனதுக்குள் பாத்தி பாத்தியாகப் பிரித்துக்கொண்டு, ஓரத்துக்கு ஒரு செங்கல்லை அடையாளம் வைத்து, ஒரு பாத்தியைக் குறுக்கும் நெடுக்குமாக முடித்த பிறகே அடுத்ததற்குப் போனேன். கரீஃப் காலம் வந்துவிட்டது. அந்த மாதங்களில் சலாலாவில் மட்டும் தூறல் விழும். பனி மாதிரி மேகம் தரை வரைக்கும் இறங்கும். எங்கெங்கிருந்தோ ஜனங்கள் அதைப் பார்க்க வருவார்கள். எனக்கோ மலை மறைந்தது, பிறகு தென்னை மறைந்தது, கடைசியில் கம்பி வலை மறைந்தது. வேலி கண்ணில் படாவிட்டாலும் நாலு பக்கமும் அது இருக்கிறது என்று தெரியும். ஈர மண்ணில் மெஷின் காரணமில்லாமல் கத்தும். ஒவ்வொரு கத்தலுக்கும் நெஞ்சு எழும்பும். தோண்டினால் ஒரு பித்தான் கிடக்கும்.

ஒவ்வொரு பித்தானுக்கும் அர்பாப்புக்கு நம்பிக்கை கூடியது. “பார், பக்கத்தில் வந்துவிட்டோம்” என்பார். கிடைக்காவிட்டால் தேடச் சொல்வார். கிடைத்தால் இன்னும் தேடச் சொல்வார்.

டிரைவர் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். “என்னவே, அர்பாப்பைவிட ஒமக்குத்தான் பீரங்கிமேல ஆசை முத்திப் போச்சு போலுக்கே. ஊர்ல வீட்டு வாசல்ல நிறுத்தப் போறீரோ?”

சிரித்து வைத்தேன். அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும், பார்க்கிறவன் எல்லாம் ‘இந்த வயசுலயா’ என்று கேட்பான் என்று வாயை மூடிக்கொண்டேன்.

தூறல் நின்று வெயில் வந்தது. மனைவிக்கு ஒன்பதாவது மாதம் பிறந்துவிட்டது. போன் செய்தால் “எப்ப வாரீங்க” என்று கேட்பதையும் நிறுத்திவிட்டாள். நான் ஹலோ என்றதும் அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்கும்.

ஒரு மாலை, மேற்கு ஓரத்தில் பழைய வாய்க்கால் கரையை ஒட்டி நடந்துகொண்டிருந்தேன். மெஷின் அதுவரை கத்தாத மாதிரி கத்தியது. தட்டை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் சத்தம் அறுபடவில்லை. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுத் தோண்டினேன். கரை மண் பொலபொலவென்று வந்தது. கையால் வாரினேன். உருண்டையான இரும்பு தட்டுப்பட்டது. குழாய் மாதிரி வளைவு. கண்ணீர் வந்துவிட்டது எனக்கு. முழுசாகத் தடவிப் பார்த்துவிட வேண்டும் என்று இடது கையை அடியில் செருகித் துழாவினேன். நுனியில் விரலுக்குத் தகடு தகடாக எதுவோ பட்டது. மீனுக்குத் துடுப்பு மாதிரி நாலைந்து சிறகு.

பீரங்கிக்குச் சிறகு கிடையாது.

மலைப்பக்கம் முன்னொரு காலத்தில் நடந்த சண்டையைப் பற்றியும், அப்போது வெடிக்காமல் மண்ணில் புதைந்துபோன, வாலில் சிறகு வைத்த குண்டுகளைப் பற்றியும் டிரைவர் அடிக்கடி கதை சொல்வார். ஆடு மேய்த்தவன் ஒருவன் கால் போன கதையும் அதில் உண்டு. கரை மண் சரிந்து, அந்த இரும்பு என் புறங்கைமேல் இறங்கி உட்கார்ந்தது. கையை இழுக்கப் பயம். அப்படியே மண்டியிட்டு இருந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மூக்கு நுனியில் வியர்வை திரண்டு விழுந்தது. அதைத் துடைக்கக்கூட அசையவில்லை.

வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. டிரைவர் இறங்கி வேலிக் கதவைத் திறந்தார்.

“ஓய்! என்ன, நமாஸ் பண்ணுதீரா? இல்ல பீரங்கி கிட்டிட்டா?”

“கிட்ட வராதீங்க! குண்டு!” என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை கத்தினேன். “தம்பி, கிட்ட வராதீங்க! கை அடியில மாட்டிக்கிட்டு!”

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். அவர் பின்னால் அர்பாப்பும் இறங்குவது தெரிந்தது. என்ன விஷயம் என்று டிரைவரிடம் கேட்டார். டிரைவர் சொன்னதும் அவர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

“அசையாதீரும், வே! பட்டாளத்துக்குப் போன் போடுதேன்! அதுவரைக்கும் அசையாதீரும்!”

அந்த நேரத்தில்தான் எனக்கு அது தோன்றியது. இப்போது நான் செத்துப்போனால் அவள் வீட்டிலேயே கிடப்பாள். நான் எதற்காக லீவு கேட்டேன் என்றுகூட இங்கே ஒருவருக்கும் தெரியாது. அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று ஊருக்குச் சொல்ல ஆள் இல்லை.

“தம்பி!” என்று கத்தினேன். “என் வீட்டுக்காரி மாசமா இருக்கா!”

“என்னது?”

“மாசமா இருக்கா! ஒம்பது மாசம்! நான் போகலேன்னா ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேங்கிறா! எனக்கு எதுவும் ஆச்சுன்னா அவ தங்கச்சிக்குப் போன் பண்ணி, இழுத்துக்கிட்டாவது போகச் சொல்லுங்க!”

ஊரில் மாட்டைக்கூட நான் இவ்வளவு சத்தமாக விரட்டியதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் எல்லாரும் வேலி ஓரத்துக்கு வந்துவிட்டார்கள். டிரைவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

“அடப்பாவி மனுசா, இதை இம்புட்டு நாளா சொல்லாம என்ன மண்ணாங்கட்டியைத் தோண்டிக்கிட்டு இருந்தீரு!”

அவர் அர்பாப் பக்கம் திரும்பி அதை ஹிந்தியில் சொன்னார். நான் அறையில் சொல்லிப் பார்த்த அதே வாக்கியம். அர்பாப் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பட்டாளத்து வண்டி வந்தது. ஒரு வீரர் என் பக்கத்தில் வயிற்றை வைத்துப் படுத்து, தூரிகையால் மண்ணை விலக்கினார். வெகுநேரம் விலக்கிவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக இழுத்தார். கை வந்துவிட்டது. குண்டின் பாரம் ஒரு கல்மேல் இருந்தது, என் கைமேல் இருந்தது வெறும் மண்தான் என்று பிறகு சொன்னார். ஆனால் குண்டு வெடிக்கக்கூடியதுதான். அதை அப்புறமாக எடுத்துப் போய் வெடிக்கவைத்தபோது என் அறையின் தகரக் கூரை அதிர்ந்தது.

அன்றைக்கே அர்பாப் இரும்புப் பெட்டியைத் திறந்து, என் பாஸ்போர்ட்டை எடுத்து வந்து, அவரே என் சட்டைப் பையில் வைத்தார். “மனைவி என்று ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார். “நீங்கள் கேட்கவில்லையே” என்றேன். “அதை எப்படி நான் கேட்பது?” என்றார். 

ஆனால் போக முடியவில்லை. இன்னும் குண்டுகள் கிடக்கலாம் என்று பட்டாளத்தார் வயலைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டிவிட்டார்கள். எது தோண்டி மூடின இடம், எது கை படாத இடம் என்று எனக்கு மட்டுமே தெரியும். முடிகிற வரைக்கும் இவன் ஊரை விட்டுப் போகக்கூடாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். பாஸ்போர்ட் நெஞ்சில் இடித்துக்கொண்டிருக்க, நாடாவுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார்கள். செங்கல்லைக் காட்டிக் காட்டி, இங்கே தோண்டினேன், அங்கே தோண்டவில்லை என்று சொல்வதுதான் வேலை. அவர்கள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தார்கள். நான் ஆசையாசையாகத் தோண்டிய ஒவ்வொரு குழிக்கும் இப்போது காத்திருக்க வேண்டியிருந்தது.

அர்பாப் காலையில் காப்பிக் கூஜாவும் பேரீச்சம்பழமுமாக வந்துவிடுவார். அதிகாரியிடம் போய், “இவன் மனைவிக்குப் பிரசவ நேரம்” என்பார். மத்தியானம் மறுபடியும் சொல்வார். வருகிற ஒவ்வொரு வீரரிடமும் சொன்னார். தண்ணீர் லாரிக்காரனிடம் சொன்னார். வீரர்கள் என்னைக் கடந்து போகும்போது வயிற்றைத் தொட்டுக் காட்டி, ஆச்சா என்று கண்ணால் கேட்பார்கள். கடைத்தெருவில் டீக்கடைக்காரர், நாவிதர், யாரென்றே தெரியாதவர்கள் எல்லாம் “பிள்ளை பிறந்துட்டா?” என்று கேட்டார்கள். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது.

ஒருவழியாக அதிகாரி, “மீதியை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். இந்தப் பெரியவருடைய தொல்லை தாங்க முடியவில்லை. யல்லா, கிளம்பு” என்றார். டிரைவர் என்னை வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்கு ஓட்டினார். சட்டைகூட மாற்றவில்லை.

மஸ்கட்டில் மாறி, சென்னையில் இறங்கி, பஸ் பிடித்து ஊர் சேர்ந்தேன். வீட்டு வாசலில் கொழுந்தியாள் அழுதுகொண்டு நின்றாள். “காலைலேர்ந்து வலி மாமா. ஆட்டோ வந்து நிக்குது. அக்கா ஏற மாட்டேங்குது.”

உள்ளே அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. “போலாம்” என்றாள்.

ஆட்டோவில் வலி விட்ட ஒரு நேரத்தில்தான் பேசினாள். “எப்படி விட்டாரு?”

“சொல்லிட்டேன்.”

“என்னன்னு?”

“நீ மாசமா இருக்கன்னு. சத்தம் போட்டுச் சொன்னேன்.”

“யாரு, நீங்களா?” அந்த வலியிலும் கண்ணை அகலத் திறந்து பார்த்தாள். “யாருகிட்ட?”

“இப்ப அந்த ஊருக்கே தெரியும். பட்டாளத்துக்காரங்க தினமும் விசாரிச்சாங்க.”

“அய்யய்யே!” முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அடுத்த வலி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிரசவ வார்டுக்கு முன்னால் அதே கம்பிக் கதவு. புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஆண்கள் அதற்குமேல் போகக்கூடாது. அவள் உள்ளே போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் மீசை முளைத்து நாலு வருஷம் ஆன பையன்கள். என்னை யாருக்கோ அப்பா என்று நினைத்து ஒருவன் இடம் விட்டான்.

பொழுது சாயும் நேரத்தில் ஆயா ஒரு துணிச்சுருளோடு வந்து என் மனைவி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். “புருசன் யாரு?”

“நான்தான்!” என்றேன்.

பையன்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“மெதுவாப் பெரியவரே, இது ஆஸ்பத்திரி” என்றாள் ஆயா. என் தலைமுடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கம்பிக் கதவைக் கொஞ்சம் திறந்தாள். “பொம்பளப் புள்ள. தாயும் நல்லாருக்கு. கைய நீட்டுங்க.”